அணில் போட்ட அட்டை

ஆடி 4, ஞாயிறு

எமர்ஜென்சி முடிந்து, எம்.ஜி.ஆர் முதல் தடவையாக முதலமைச்சர் ஆகி, ஆந்திராவில் புயலடித்துக் கடல் ஊருக்குள் வந்து ஜனம் மாண்டது அல்லவா, அதற்கு அடுத்த சித்திரை. எங்கள் பஸ் முதலாளி இரண்டாவது வண்டி எடுத்ததும் அப்போதுதான். பச்சை வண்டி, முன்கண்ணாடியில் ஒரு கீறல். அந்தச் சித்திரையில் மெட்ராஸிலிருந்து ஒரு புரொபசர் கோவில்பட்டிக்கு வந்து, எங்கள் வடக்கு லைன் வீடுகளில் இருந்த இளவட்டங்களையெல்லாம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். என்ன படித்தாய், என்ன வேலை தேடுகிறாய், பொழுது எப்படிப் போகிறது என்று. அப்படிக்கூட ஒரு மனிதர் கேட்பாரா என்று எங்களுக்கு ஆச்சரியம். பொழுது எப்படிப் போகும்? சூரியன் போனால் அதுவும் போகும்.

அந்தக் காகிதங்கள் இத்தனை வருஷம் அவர்கள் ஆபீஸ் பீரோவில் இருந்திருக்கின்றன. இப்போது அன்சில்டா என்று ஒரு பிள்ளை அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. தூத்துக்குடிப் பிள்ளை, மெட்ராஸில் ஆராய்ச்சி. அன்றைக்கு இளவட்டமாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள், இன்றைக்கு இருக்கிற இளவட்டங்கள் என்ன பாடு படுகிறார்கள், இரண்டையும் சேர்த்து எழுதி அரசாங்கத்துக்குக் கொடுக்குமாம். அதைப் பார்த்துத்தான் இனிமேல் திட்டம் போடுவார்களாம்.

வடக்கு லைன் காகிதத்தில் ஏழு பேர். ஏழாவது நான், மந்திரமூர்த்தி, பஸ் கிளீனர், படிப்பு இல்லை. எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். ஆனால் ஞாபகம் உண்டு. அதனால் இந்தப் போனைக் கொடுத்து, "தாத்தா, தினம் இந்தப் பொத்தான அமுக்கிட்டு மனசுல தோணுறதப் பேசுங்க. மாசக் கடைசியில வந்து வாங்கிக்கிறேன், அது வரைக்கும் கேக்க மாட்டேன்" என்றது.

அன்சில்டாம்மா, நீ கேட்டு எழுதும்போது புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது. என் பேச்சை அப்படியே போட்டால் ஆபீஸில் சிரிப்பார்கள்.

ஆடி 5, திங்கள்

அரை மணி நேரம் பேசினேன். பொத்தானை அமுக்கவில்லை என்று மருமகள் சுப்புத்தாய் பிறகு சொன்னாள். நல்ல பேச்சு, போயிற்று.

ஆடி 6, செவ்வாய்

கடம்பூருக்குப் போய் போளி வாங்கி வந்தேன். செவ்வாய்தோறும் போவது வழக்கம். ரயில்வே கேட்டுக்குத் தெற்கே ஒரு வீட்டில் போட்டு, ஸ்டேஷனில் விற்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அங்கேயே வாங்கினால் சூடாக இருக்கும். போளிக்காரம்மா மடித்துக் கொடுக்கிற பழைய பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குப் படித்துக் காட்டுவாள். இன்றைக்குப் போன மாதத்துப் பேப்பர். சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டுக் கிணற்றில் மயில் விழுந்து, தீயணைப்பு வண்டி வந்து எடுத்திருக்கிறார்கள். மயில் பிழைத்ததா என்று கேட்டேன். அந்த இடத்தில் எண்ணெய் பட்டுவிட்டது, தெரியவில்லை என்றாள்.

சுப்புத்தாய் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டாள். "மாமா, சுகரு முந்நூறு இருக்கு. ஒரு துண்டு வாயில வைக்கப்போறதில்ல. எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ்ஸு ஏறணும்?"

பேரப்பிள்ளைகள் தின்னட்டும் என்றேன். பேரப்பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள்.

ஆடி 8, வியாழன்

அன்சில்டா வந்து, அட்டைக் கதையைச் சொல்லச் சொன்னது. சொன்னேன்.

அப்போது படித்த பிள்ளைகள் எல்லாரும் பாளையங்கோட்டையில் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பேர் பதிந்து ஒரு அட்டை வைத்திருப்பார்கள். வேலை காலியானால் வரிசைப்படி கார்டு வரும். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, பதிந்த அதே மாதத்தில் போய் முத்திரை வாங்க வேண்டும். தவறினால் அதுவரை நின்ற வருஷமெல்லாம் போச்சு, மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். எங்கள் வண்டி தினம் திருநெல்வேலி போகும். அங்கே இரண்டு மணி நேரம் நிற்கும். அதனால் ஆறு பேரும் அட்டையை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். யாருக்கு எந்த மாதம் என்று எல்லாம் என் தலையில்.

எழுத்து தெரியாமல் எந்த அட்டை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டது. வடிவு படம் போட்டுக் கொடுத்தாள் என்றேன். செண்பகவடிவு. எஸ்.எஸ்.எல்.சி முடித்து டைப் லோயர் பாஸ் பண்ணினவள். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் பேனாவால் ஒரு படம். ஃபிட்டர் கொம்பையாவுக்கு ஸ்பேனர். கரண்டு வேலை படித்த இஸ்ரவேலுக்கு பல்பு. லாரி ஓட்டுகிற பிச்சையாவுக்குச் சக்கரம். ஆவுடையப்பனின் அப்பா குடை ரிப்பேர் பார்க்கிறவர், அதனால் குடை. அழகர்சாமிக்குக் குதிரை. அவளுக்கு அவளே அணில் போட்டுக்கொண்டாள். எந்நேரமும் கடலை கொறிப்பாள்.

அன்சில்டா பாளையங்கோட்டை ஆபீஸில் வாங்கி வந்த நகலைப் பார்த்துவிட்டு, வடிவின் பதிவு எண்பத்தொன்றில் விட்டுப்போயிருக்கிறதே என்றது.

ஆமாம், மதுரையில் தமிழ் மாநாடு நடந்த வருஷம், வைகாசி பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு என்னிடம் இரண்டு அட்டை இருந்தது. டிரைவர் சங்கிலி அண்ணனுக்கு வயிற்றுக்கடுப்பு, இரண்டு இட்லி மட்டும் தின்றார். கயத்தாறில் ஒரு அம்மா ஆட்டுக்குட்டியோடு ஏறி, குட்டிக்கும் டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு சண்டை போட்டாள். ஆபீஸ் சன்னலில் எனக்கு முன்னால் பதினோரு பேர். சன்னலில் இருந்தவருக்கு இடது கையில் ஆறு விரல். குடைக்கு முத்திரை குத்தி வாங்கினேன். அணில் மறந்துவிட்டது.

"மறந்துட்டீங்களா தாத்தா? நீங்களா?" என்று அது சிரித்தது.

கூட்டம் என்றேன்.

இப்போது அவர் எங்கே என்று கேட்டது. எங்கேயோ கட்டிக்கொடுத்தார்கள், தெரியாது என்று சொன்னேன்.

ஆடி 11, ஞாயிறு

இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளிடம் கேள்வி கேட்க அன்சில்டா லைன் வீடுகளுக்குப் போனது. வழி காட்டுகிற சாக்கில் நானும் போனேன். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்தவர் வீட்டுக்குள் போய், சோறு என்ன குழம்பு என்ன என்பது தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, தண்ணீர் வேறு கொடுக்கிறார்கள்.

அதன் தாளில் கட்டம் கட்டமாக இருக்கிறது. வேலையில் இருக்கிறார், வேலை தேடுகிறார், வேலையில் விருப்பமில்லை. ஏதாவது ஒன்றில் கோடு போட வேண்டும். முதல் வீட்டிலேயே சண்டை. பையன் இன்ஜினியரிங் படித்துவிட்டு பைக்கில் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறான். காலை எட்டுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறானாம். வேலை தேடுகிறேன் என்று போடுங்கள் என்றான். அவன் அம்மா விடவில்லை. "வேலையில இருக்கான்னு போடும்மா. பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்." அன்சில்டா சிரிக்காமல் இரண்டையும் ஓரத்தில் எழுதிக்கொண்டது.

அடுத்த வீட்டில் மூன்று பையன்கள் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நாலாவது வருஷமாக. பழைய கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வைகை எங்கே உற்பத்தியாகிறது என்று என்னிடமே கேட்டான் ஒருவன். வருசநாட்டு மலை என்றேன். விடைத்தாளில் அப்படித்தான் இருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் போனவனுக்குத் தெரியாதா?

கடைசி வீடு பூட்டியிருந்தது. அங்கே இருக்கிற பெண் நூல் மில் ஹாஸ்டலில் இருந்து திரும்பி வந்திருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே, அவளுக்கு வேலைக்குப் போக விருப்பமில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அன்சில்டா பேனாவை மூடிவிட்டது.

"அத அவங்கதான் சொல்லணும் சார். நான் திரும்ப வர்றேன்."

மூன்று தடவை திரும்பிப் போனது. நான் இரண்டாவது தடவையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன், கால் வலி.

ஆடி 13, செவ்வாய்

போளி வாங்கப் போனேன். மழை இல்லை, காற்றுதான். காற்றாலை எல்லாம் பேய் மாதிரிச் சுற்றுகிறது.

போளிக்காரம்மாவிடம் அன்சில்டாவின் கட்டங்களைப் பற்றிச் சொன்னேன். மாவு தட்டிக்கொண்டே கேட்டாள். இப்போது பிள்ளைகளுக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாமே, யாரும் அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமாமே என்றாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வறுத்த கடலை. தட்டுகிற கைக்கும் கடலைக் கிண்ணத்துக்கும் மாறி மாறி அவள் கை போய்வந்தது.

"பழைய தாளெல்லாம் வச்சிருக்காளா அந்தப் பிள்ள? நம்ம லைன் தாளுமா? என்னைப்பத்தி என்னண்ணே எழுதியிருக்கு?"

தெரியாது, எனக்குப் படிக்கத் தெரியாதே என்றேன்.

சரி. இதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது, இந்தப் போன் மாதக் கடைசியில்தானே அதன் கைக்குப் போகிறது. போளிக்காரம்மா வடிவுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கடம்பூர் ஸ்டேஷனில் பார்த்தேன். அவள்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்து, மந்திரம்ண்ணே என்று கூப்பிட்டாள். அப்போதிருந்து செவ்வாய்தோறும்.

ஆடி 15, வியாழன்

அன்சில்டா இன்னொரு தாளைக் கொண்டுவந்தது. இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம், அதற்கு மூன்று மாதம் முன்னால், அதே புரொபசரின் ஆட்கள் இரண்டாவது தடவை வந்தார்கள். அந்தத் தாளில் வடிவின் பேருக்கு நேரே போட்டிருந்ததைப் படித்துக் காட்டியது. பதிவைப் புதுப்பிக்கவில்லை. வேலையில் விருப்பமில்லை.

இந்த மாதிரி ஊர் ஊராக எத்தனையோ பெண்கள் பேருக்கு நேரே இப்படித்தான் எழுதியிருக்கிறதாம். பெண்கள் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள், அவர்களுக்கென்று பயிற்சி, விடுதி எல்லாம் அவ்வளவு தேவையில்லை என்று இதை வைத்துத்தான் பேசுகிறார்களாம். அன்சில்டாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கையைக் கொண்டு போய் அரசாங்கக் கமிட்டியில் கொடுக்க முடியாதாம். அந்தப் பெண்களில் ஒருத்தராவது உயிரோடு கிடைத்து, அவர் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தாளில் இருப்பதுதான் கணக்கு. கமிட்டி கொடுத்த கெடு இந்த ஆடி முப்பதோடு முடிகிறது என்றது.

"அன்னைக்கு அவங்க வீட்டுல இல்லபோல தாத்தா. வேற யாரோ சொல்லி எழுதியிருக்காங்க. இங்க பாருங்க, தகவல் தந்தவர்னு போட்டுக் கைநாட்டு இருக்கு."

தாளை என் பக்கம் திருப்பியது. கட்டை விரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. வண்டிச் சங்கிலி வெட்டியது.

நான் கையை வேட்டிக்குள் வைத்துக்கொண்டேன். பேரும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அது வாசித்தது. நீங்கதான் தாத்தா, என்று சந்தோஷமாகச் சொன்னது. நம்பிக்கையான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள் என்று.

ஆடி 16, வெள்ளி

சுகர் மாத்திரை இரண்டு வேளை மறந்துவிட்டேன் என்று சுப்புத்தாய் சத்தம் போட்டாள். மறக்கவில்லை, போடவில்லை.

ஆடி 18, ஞாயிறு

பெருக்குக்குச் சுப்புத்தாய் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கிண்டினாள். அன்சில்டாவையும் சாப்பிடக் கூப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே நான் ஒரு சந்தேகம் கேட்டேன். அந்த ஆபீஸில் பேர் பதிந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்களே, முன்னால் நிற்கிற ஒருத்தர் விலகினால் பின்னால் நிற்கிற எல்லாரும் ஒரு படி முன்னால் போவார்கள், அப்படித்தானே என்று.

இல்லை என்றது. டைப் படித்தவர்களுக்கு ஒரு வரிசை, ஃபிட்டருக்கு ஒரு வரிசை, டிரைவருக்கு ஒரு வரிசை, எல்லாம் தனித்தனி நோட்டு என்றது.

"அப்போ டைப் அடிக்கவ ஒருத்தி விலகுனா, ஃபிட்டரு முன்னால போக மாட்டானா?"

"எப்படித் தாத்தா போவாரு? அவங்க அந்த வரிசையிலயே இல்லையே."

அன்றைக்கும் அப்படித்தானா என்று கேட்டேன். என்றைக்கும் அப்படித்தான் என்றது. மறுபடியும் கேட்டேன். பாதிச் சோற்றோடு தட்டை நகர்த்தி வைத்தேன். புளி கூடிப்போச்சா மாமா என்று சுப்புத்தாய் கேட்டாள்.

ஆடி 19, திங்கள்

ரேஷன் கடைக்குப் போனேன். அரிசிக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. ஐம்பது வருஷமாக நிற்கிறேன்.

ஆடி 20, செவ்வாய்

கடம்பூருக்குப் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று சுப்புத்தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆடி 24, சனி

கொம்பையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னோடு ஒரே தட்டில் தின்றவன். ஐ.டி.ஐ முடித்து, வடிவு பதிந்து ஒரு வருஷம் கழித்து அவனும் பதிந்தான். கழுகுமலையில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். கவர்மெண்டு கார்டு வந்தால்தான் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அஞ்சு வருஷம் ஓடிவிட்டது. தபால்காரர் லைனுக்குள் வந்தால் கொம்பையா கடைக்குள் போய் ஒளிந்துகொள்வான், இல்லை என்று அவர் வாயால் கேட்க முடியாமல். நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறானோ மந்திரம், ஒருத்தன் விலகினாலும் ஒரு படி என்பான். யாரையும் மனதில் வைத்து அவன் அதைச் சொல்லவில்லை. அது அவன் மேல் சத்தியம்.

அவனுக்கு முன்னால் நிற்கிறவர்களில் எனக்குத் தெரிந்தவள் வடிவு ஒருத்திதான். அவளுக்கு என்ன, வீட்டில் இருக்கிறாள், நாளைக்குக் கட்டிக்கொண்டு போகப் போகிறவள் என்று நினைத்தேன். எத்தனை பேர் வரிசை, எந்த வரிசை என்று ஆறு விரல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுத்து தெரியாதவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு வெட்கம், சன்னலில் நின்று எதுவுமே கேட்க மாட்டேன். அட்டையை நீட்டுவேன், வாங்குவேன், வருவேன்.

அன்றைக்கு அணில் என் சட்டைப் பையில் இருந்தது. மாதம் முடிகிறவரை இருந்தது.

அடுத்த வருஷம் அந்தக் கழுகுமலைப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் வடிவுக்குப் பின்னால் பதிந்த கயத்தாறுப் பெண்ணுக்குக் கோர்ட்டில் டைப் வேலைக்குக் கார்டு வந்தது. வடிவு பாளையங்கோட்டைக்கே போய்க் கேட்டுவிட்டு, எங்கள் வண்டியிலேயே திரும்பி வந்தாள். மறந்துபோச்சு தாயி, கூட்டம் என்றேன். சரிண்ணே, உங்களுக்கும் எத்தனை பேர் அட்டை என்றாள். வண்டி கோவில்பட்டி வந்து சேர்கிற வரைக்கும் சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஆடி 27, செவ்வாய்

போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மருமகள் கல்லில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. போன வாரம் ஏன் வரவில்லை, பேப்பரில் நல்ல சேதி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன் என்றாள். நான் உட்காரவில்லை.

"வடிவு, ஒன் அட்டைய நான் மறக்கல. சட்டப் பையிலயே வச்சிருந்தேன்."

அவள் கை நிற்கவில்லை. இரண்டு போளி தட்டின பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எதுக்குண்ணே?"

"கொம்பையா ஒரு படி முன்னால போவான்னு."

"அவனுக்குக் கார்டு வந்துச்சா?"

"வரல."

"அவம் ஃபிட்டருல்லாண்ணே. நான் டைப்பு. அவம் வரிசையில நான் எங்க நின்னேன்?"

அதை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு வழி சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். எழுத்து தெரிந்த யாருக்கும் அன்றைக்கே தெரிந்திருந்த விஷயம். நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

பிறகு தாளைப் பற்றியும் சொன்னேன். விருப்பமில்லை என்று எழுதியிருப்பதை, அதைச் சொன்னது நான்தான் என்பதை, கீழே இருக்கிற கைநாட்டை. அந்தப் புரொபசரின் ஆள், ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேட்டபோது எனக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றேன். அவள் மாவுக் கையைத் துடைத்தாள். எடுத்து வைத்திருந்த பேப்பரை எடுத்தாள், அதில் போளியை வைத்து மடித்தாள். படிக்கவில்லை.

"அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. எனக்கு விருப்பம் இருந்துச்சான்னு எங்கிட்ட கேக்கட்டும், நான் சொல்லிக்கிடுதேன்."

சரி என்றேன்.

"கூட நீங்க வரண்டாம்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். கேட் மூடியிருந்தது, ரயில் போகிற வரைக்கும் நின்றேன். திரும்பிப் பார்த்தால் வாசல் தெரியும். பார்க்கவில்லை. பேப்பரில் என்ன சேதி என்று தெரியவில்லை. சுப்புத்தாயிடம் படிக்கச் சொல்லலாம். சொல்லவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

ஆடி 29, வியாழன்

நாளை நீ வந்து இந்தப் போனை வாங்கிக்கொள்வாய். இதைக் கேட்டு முடிக்க உனக்கு ரெண்டு நாள் ஆகும், உன் கமிட்டிக்கு நேரம் இருக்காது. அதனால் வந்ததும் கடைசியில் பேசினதை முதலில் கேள் என்று வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு மெதுவாகக் கேட்டுக்கொள். நான் மறந்துவிட்டேன் என்று எட்டாம் தேதி சொன்னதையும் வெட்டாமல் எழுது. கீழே மறுபடி கைநாட்டு வைக்க வேண்டும் என்றால் வைக்கிறேன்.

உன் தாளில் இருக்கிறவர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள். சக்கரம், பிச்சையா. தொண்ணூற்றிரண்டில் ஓசூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து. கடைசி வரை சொந்த லைசென்ஸ், அடுத்தவன் வண்டி. பல்பு, இஸ்ரவேல். பம்பாய்க்குப் போய் காமாலையில். ஊருக்கு அவன் துணிப்பெட்டி மட்டும் வந்தது. குதிரை, அழகர்சாமி. கார்டு வந்தது அவன் ஒருத்தனுக்குத்தான், தாலுகா ஆபீஸ் பியூன், ரிட்டையராகி மூன்றாம் வருஷம் நெஞ்சுவலி. குடை, ஆவுடையப்பன். கொரோனா ரெண்டாவது தடவை வந்தபோது, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், முகம் காட்டவில்லை. ஸ்பேனர், கொம்பையா. கட்டிக்கொள்ளவே இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தான். போன தையில் என் மடியில்தான். நான் அவனிடம் எதையும் சொல்லவில்லை.

அணில் இருக்கிறது. டைப் லோயர், எஸ்.எஸ்.எல்.சி, எழுபத்தைந்து வைகாசியில் பதிந்தது. கடம்பூர், ரயில்வே கேட்டுக்குத் தெற்கே மூன்றாவது வீடு, வாசலில் கடலைக் கிண்ணம் இருக்கும். தனியாகப் போ. பேர் செண்பகவடிவு.